சந்தனத்துக்குக் கீழே

எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது இயந்திரங்களை மதிப்பிட யாரும் நேரில் போவதில்லையாம். விற்கிறவரே கைப்பேசியில் பன்னிரண்டு படம் எடுத்து அனுப்புகிறார். கணினி விலை சொல்லிவிடுகிறது. இதை எனக்குச் சொன்னவர் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தம்பி. "உங்க காலத்துல நேர்ல போயி அப்படி என்னதான் சார் பாப்பீங்க?" என்று கேட்டார். நான் விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் எனக்கென்று ஒரு காலம் வந்துவிட்டது தெரியாமல் இருந்திருக்கிறேன். நேரில் பதில் சொன்னால் தம்பி நடுவில் கைப்பேசியைப் பார்ப்பார், அதனால் எழுதுகிறேன்.

தரங்கம்பாடியில் பிறந்தேன். அப்பா மிஷன் பள்ளியில் டிரில் மாஸ்டர். நான் டிப்ளமோ படித்தேன், கும்பகோணத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நாலு வருஷம் டீசலில் கை கழுவினேன், பிறகு தஞ்சாவூரில் ஒரு நிதி நிறுவனத்தில் மதிப்பீட்டாளராகச் சேர்ந்தேன். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பேப்பரில் போட்டார்கள். எங்கள் பக்கம் அந்தக் கதவு வழியாக இயந்திரங்கள் உள்ளே வந்தன. ஆட்கள் வெளியே போனார்கள். பழைய இயந்திரம் வாங்குகிறவர்களுக்கு எங்கள் நிறுவனம் கடன் கொடுக்கும். கொடுக்கலாமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

அதில் எனக்குப் பிடித்தது வீல் லோடர். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: நாலு பெரிய டயர், முன்னால் ஒரு லாரிக்கு மூன்று வாயில் சோறூட்டும் அளவுக்குப் பெரிய பக்கெட். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பாது. வண்டியே இடுப்பில் மடங்கும். அந்த இடுப்புக்குச் சென்டர் ஜாயின்ட் என்று பெயர். மேலே ஒரு பின், கீழே ஒரு பின், அவற்றைப் பிடித்துக்கொண்டு தடித்த இரும்புத் தகடுகள். முன்பாதியும் பின்பாதியும் ஒரே வண்டியாக இருப்பது இந்த இடத்தின் தயவில்தான்.

எனக்கு மேலதிகாரி பத்மநாபன் சார். நெற்றியில் சந்தனம், காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கையில் அன்றைய பேப்பர். இயந்திரம் பார்க்க விடியற்காலை ஆறு மணிக்கே போய்விடுவார். போனதும் வணக்கம்கூடச் சொல்லாமல் இன்ஜின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைப்பார், காய்ச்சல் பார்ப்பதுபோல. சூடு இருந்தால் முன்னாலேயே ஓட்டிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சூடான இன்ஜினில் நோய் தெரியாது. "நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார். நான் பின்னாலேயே ஓடுவேன்.

குளிர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்யச் சொல்வார். முதல் புகை கறுப்பா, நீலமா, வெள்ளையா என்று பார்ப்பார். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாயில் தலைகீழாக வைப்பார். மூடி லேசாக நடுங்கினால் சரி. துள்ளிக் கீழே விழுந்தால் உள்ளே பிஸ்டன் மோதிரங்கள் தேய்ந்துவிட்டன. பக்கெட்டைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, இன்ஜினை அணைத்து, பக்கெட்டைத் தாங்கும் பிஸ்டன் ராடில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, எதிரில் உட்கார்ந்து பேப்பரில் காலமானார் பத்தியைப் படிப்பார். பத்து நிமிஷம். பிறகு கோடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பார். ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டரை மட்டும் பார்க்கமாட்டார். "அது ரேஷன் கார்டு வயசு. பிரேக் பெடல் ரப்பரப் பாருங்க, அதான் நெஜ வயசு" என்பார். எல்லாம் முடியும்வரை அங்கே தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

புத்தகம் படிக்கிறவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. என் முதல் அறிக்கையில், "இவ்வியந்திரம் தன் முதுமையைக் கண்ணியத்துடன் சுமக்கிறது" என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். பத்மநாபன் சார் இரண்டு முறை படித்தார். "கிரீஸ் அடிக்கறாங்களா இல்லையா?" என்று கேட்டார். என் இலக்கிய வாழ்க்கை அத்துடன் முடிந்தது.

இனி நான் செய்த தவறு. கலியமூர்த்தி பாபநாசம் பக்கத்துக்காரர். மஸ்கட்டில் ஒரு கல் குவாரியில் பன்னிரண்டு வருஷமாக லோடர் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மாத லீவில் வந்திருந்தார். திருக்காட்டுப்பள்ளியில் வேலாயுதம் என்ற ரோடு கான்ட்ராக்டர் ஒரு பழைய லோடரை விற்கிறார். அதை வாங்கிவிட்டால் திரும்பிப் போக வேண்டாம் என்பது திட்டம். எங்கள் டெல்டாவில் கல்லே கிடையாது. வயலில் கல் கிடைத்தால் மஞ்சள் துணி கட்டிக் கும்பிட்டுவிடுவோம். அதனால் ரோட்டுக்கு ஜல்லியெல்லாம் வெளியிலிருந்து லாரியில் வந்து குவியும். அள்ளிப் போட லோடர் வேண்டும். வேலைக்குப் பஞ்சமில்லை.

மனு கொடுக்க மனைவியோடு வந்திருந்தார். வசந்தா என்று பெயர். "சொந்தமா மிஷின் வாங்கணும்னு எத்தனை நாளா ஆசை?" என்று பேச்சுக்குக் கேட்டேன். அவருக்கு முன்னால் அந்த அம்மாள் பதில் சொன்னார்.

"கல்யாணமாயி பன்னெண்டு வருசம் சார். சேந்து இருந்தது பதினாலு மாசம். ஆசை எத்தனை நாளுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க."

கலியமூர்த்தி மேஜை மேலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவருக்கு விமானம். அதற்குள் இயந்திரம் முடிவானால் மஸ்கட்டுக்கு போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிடலாம். சொல்லாமல் நின்றாலும் வேலை போய்விடும். சொல்லிவிட்டுப் பிறகு வருகிறேன் என்றால் இடம் இருக்காது.

வேலாயுதம் விஜயதசமி அன்று பார்க்க வரச் சொன்னார். நல்ல நாளாம். எனக்கும் நல்ல நாளாகத்தான் பட்டது. ஆயுத பூஜையன்று எந்தக் கருவியையும் தொடமாட்டார்கள். ஆகவே இன்ஜின் ஒரு நாள் முழுக்க ஓடாமல் ஜில்லென்று இருக்கும். உள்ளங்கை வைத்தேன், குளிர்ந்த பானைபோல் இருந்தது. ஊரே சேர்ந்து எனக்குப் பரிசோதனைக்கு உதவி செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியின் அலங்காரத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் வாழைக்கன்று, பக்கெட்டில் பட்டை விபூதி, ஹெட்லைட்டுக்குப் பொட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். வேலாயுதத்தின் ஆப்பரேட்டர் முருகேசன் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்றிருந்தார். ஸ்டார்ட் ஆனது. புகை சுத்தம். மூடி நடுங்கவில்லை. பக்கெட் பத்து நிமிஷத்தில் நூல் அளவுகூட இறங்கவில்லை. பெடல் ரப்பரும் மீட்டரும் ஒரே வயதைச் சொன்னது என் அனுபவத்தில் அதுதான் முதல் தடவை. கலியமூர்த்தி ஏறி உட்கார்ந்து இடமும் வலமுமாக எட்டுப் போட்டார். பன்னிரண்டு வருஷக் கை. பார்க்க அழகாக இருந்தது.

கடைசியாகச் சென்டர் ஜாயின்ட். பக்கெட்டைத் தரையில் அழுத்தி முன்சக்கரங்களைத் தூக்கினால் அந்தப் பின்களில் ஆட்டம் இருக்கிறதா என்று தெரியும். செய்தேன். ஆட்டம் இல்லை. ஆனால் மேல் தகடு முழுக்கக் கைப்பிடி கைப்பிடியாகச் சந்தனம் அப்பி, மூன்று குங்குமம் வைத்து, மேலே சாமந்தி மாலை. தகடு கண்ணுக்கே தெரியவில்லை.

பிறர் கும்பிடுவதைத் தொடாதே என்பது எங்கள் கிறிஸ்தவ வீட்டில் பதினோராவது கட்டளை. பக்கத்து வீட்டுக் கோலத்தை மிதிக்காமல் தாண்டப் பழகித்தான் நாங்கள் வளர்ந்தோம். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு மரியாதையான தூரத்தில் நின்று, மாலைக்கு நடுவில் தெரிந்ததைப் பார்த்தேன். சாமந்தி தெரிந்தது.

பார்த்து முடிந்ததும் பொரியும் கடலையும் டீயும் கொடுத்தார்கள். கலியமூர்த்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி சார்?" என்றார். எழுத்தில் தருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். வாயில் பொரி இருந்தது என்பதைத் தவிர எனக்கு வேறு சமாதானம் இல்லை. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. கூட வந்திருந்த வசந்தா மட்டும் பொரியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

திங்கட்கிழமை பத்மநாபன் சார் என் அறிக்கையோடு கூப்பிட்டார்.

"எல்லா ஐட்டமும் மூணு வரி. சென்டர் ஜாயின்ட் மட்டும் ஏன் ஒரு வரி?"

"ஆட்டம் இல்ல சார்."

"ஆட்டம் இல்லேன்னு படிச்சேன். மேல் தகட்டுல வெல்டிங் எப்படி?"

"சந்தனம் வெச்சிருந்தாங்க சார்."

"எவ்வளவு தடிமன்?"

அவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "நானும் தினம் வெச்சுக்கறேன். மண்டைல அடிபட்டா டாக்டர் துடைச்சுட்டுத்தான் பாப்பார். சாமி கோவிச்சுக்கிட்டதா தகவல் இல்லை. போய்ப் பாத்துட்டு வாங்க."

செவ்வாய்க்கிழமை மறுபடி திருக்காட்டுப்பள்ளி. வேலாயுதம் இளநீர் வெட்டச் சொன்னார். சந்தனத்தைத் துடைக்க வேண்டும் என்றதும் அவர் முகம் மாறியது.

"செவ்வாக்கெழமையும் அதுவுமா துடைக்கச் சொல்றீங்களே சார். நீங்க வேதக்காரவுங்க, ஒங்களுக்குத் தெரியாது. நாளைக்கு வாங்களேன்."

"நாளைக்கு வந்தா புதன்கிழமைக்கு ஒரு காரணம் இருக்கும். நான் தொடல. உங்க ஆளு துடைக்கட்டும்."

முருகேசன் அதற்குள் ஒரு வாளித் தண்ணீரும் பழந்துணியுமாக வந்துவிட்டார். துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தகட்டைத் தொட்டுக் கும்பிட்டார். காய்ந்த சந்தனம் ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. கீழே மஞ்சள் பெயின்ட். அந்த மஞ்சள் மற்ற இடத்து மஞ்சளைவிடக் கொஞ்சம் இளமையாக இருந்தது. சுரண்டினேன். பூரான்போல ஒரு வெல்டிங் தழும்பு.

மண்ணெண்ணெய் கேட்டு வாங்கித் தடவி, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி தூவினேன். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியை நனைக்கும். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பூரானின் வாலிலிருந்து பொடியில் மெல்ல ஒரு ஈரக் கோடு கிளம்பி, விரல் நீளத்துக்கு வந்து நின்றது.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு தடவ விட்டுச்சு சார்," என்றார் முருகேசன். "வெல்டு வெச்சோம். அதுலேருந்து அந்த எடத்தத் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் ஏறுவேன். பூசைன்னா அங்க மட்டும் ரெண்டு கை கூடப் போடுறது. வண்டிக்கு வலிக்கிற எடமாச்சே."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே. கையக் கட்டிக்கிட்டு பயபக்தியா தள்ளி நின்னீங்க. சாருக்குத் தெரிஞ்சிருச்சு, அதான் கிட்ட போவலன்னு நெனச்சேன்."

வேலாயுதம் இளநீரை என் கையில் திணித்தார். "தழும்பு இல்லாத ஆம்பள உண்டா சார்?"

"தழும்புன்னா ஆறுனது. இது நடந்துக்கிட்டு இருக்கு."

பக்கெட் நிறைய ஜல்லியோடு திரும்பும்போது அந்தத் தகடு விட்டால் வண்டி இரண்டாகும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு எழுந்து நிற்க நேரம் இருக்காது. அப்படி உட்காரப்போகிறவருக்கு நான் வாயில் பொரியோடு அனுமதி கொடுத்திருந்தேன். இளநீரைக் கீழே வைத்துவிட்டுப் பாபநாசம் பஸ் ஏறினேன்.

அந்த ஒன்றரை மணி நேரமும் ஒரே கணக்குத்தான். வியாழனன்று சொன்னேன். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். நாலு நாளில் மஸ்கட்டுக்கு ஒரு போன் போடாமலா இருந்திருப்பார்கள்? வேலையும் இல்லை, வண்டியும் இல்லை என்று ஒரு மனிதரை நடுரோட்டில் நிறுத்திவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

கலியமூர்த்தி வாசலில் ஒரு ஹைட்ராலிக் ஹோஸைச் சுற்றிவைத்துக்கொண்டிருந்தார். வாங்காத வண்டிக்கு உதிரி பாகம் வாங்கியிருக்கிறார். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். தப்பு என்னுடையது என்பதையும் சொன்னேன். அவர் ஹோஸைக் கீழே வைக்கவில்லை.

"இடது பக்கம் ஒடிக்கறப்ப டக்குனு ஒரு சத்தம் வந்துச்சு சார்," என்றார். "அன்னிக்கே தெரிஞ்சுது."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"நீங்க எடுக்கலாம்னீங்க. நீங்க படிச்சவரு."

உள்ளேயிருந்து வசந்தா வந்தார். என்னைத் திட்டுவார் என்று தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"படிச்சவரு சொன்னாருன்னு இல்ல. இவருக்குத் திரும்பிப் போவ வேணாம். அதான் காது கேக்கல," என்றார். பிறகு புருஷனிடம், "இடுப்பு ஒடிஞ்ச வண்டில ஏறி உக்காந்து, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பதினாலு மாசத்தோட எல்லாம் முடிஞ்சிரும். அதுக்கா நான் கெடந்தேன்?" என்றார்.

நான் குறுக்கே புகுந்தேன். "மஸ்கட்டுக்கு நானே பேசறேன். கம்பெனி ஆளு நம்பர் குடுங்க. தப்பா சொல்லிட்டோம், வர்றாருன்னு..."

"யாரு சொன்னா?" என்றார் வசந்தா.

"போன் போட்டிருப்பீங்களே."

"போட்டுட்டு வான்னு இவருதான் என்னைய அனுப்புனாரு. பூத்து வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். போட்டாச்சுன்னு இவருகிட்ட சொல்லிட்டேன்." உள்ளே போய் அலமாரியைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்து விமானச் சீட்டை எடுத்துவந்து காட்டினார். "நீங்க வாயாலதானே சொன்னீங்க. எழுத்துல வராம நான் போன் போடுவேனா?"

கலியமூர்த்தி மனைவியையே பார்த்தார். புருஷன் திரும்பிப் போக வேண்டாம் என்று அவரைவிட அதிகமாக விரும்பியவர் அந்த வீட்டில் அந்த அம்மாள்தான். அந்த போனை அவரே போடாமல் வைத்திருந்தார் என்பது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. சமையலறையில் குக்கர் ஒரு விசில் விட்டது. வசந்தா அதை அணைக்கப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

வெள்ளிக்கிழமை கலியமூர்த்தி விமானம் ஏறினார். வேலாயுதம் தகட்டையே மாற்றி வண்டியை வேறு யாருக்கோ விற்றதாகக் கேள்வி. என் திருத்திய அறிக்கையில் சென்டர் ஜாயின்ட்டுக்கு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். பத்மநாபன் சார் படித்துவிட்டு, "இப்ப நீளமா இருக்கு" என்றார்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நாள் வசந்தா தனியாக அலுவலகத்துக்கு வந்தார். பாபநாசத்திலேயே ஒரு ரைஸ் மில்லில் உமி அள்ளும் சின்ன லோடர் விலைக்கு வருகிறதாம். தானே இரண்டு முறை போய் விசாரித்திருக்கிறார். "வந்து பாருங்க" என்றார். அழைப்பு மாதிரி இல்லை. சம்மன் மாதிரி இருந்தது.

மறுநாள் ஆறு மணிக்குப் போனேன். வேறு எதையும் தொடுவதற்கு முன் சென்டர் ஜாயின்ட்டுக்கு அடியில் படுத்தேன். ஒரு மணி நேரம் படுத்திருந்தேன். வசந்தா குடையை விரித்துக்கொண்டு கவிழ்த்துப்போட்ட டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தார். மில்காரர் அவரிடம், "என்னம்மா, சார் தூங்கிட்டாரா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "தூங்க மாட்டாரு," என்றார் அந்த அம்மாள்.

மண்ணெண்ணெய், சாக்பீஸ், மூடி, புகை, பத்து நிமிஷம் எல்லாம் முடிந்தது. ஒரு பின் கொஞ்சம் தேய்ந்திருந்தது, மாற்றிவிடலாம். தகடு சுத்தம். எழுந்து சட்டையிலிருந்து உமியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"எப்படி?" என்றார் வசந்தா.

நான் வாயைத் திறக்கவில்லை. பேனாவை எடுத்து, பேப்பரை அந்த டிரம்மின் மேல் வைத்து, பார்த்ததையெல்லாம் தமிழில் எழுதி, கடைசியில், "எடுக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் உத்தியோகத்தில் அப்படி ஓர் அறிக்கை முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. அவர் நின்றபடியே இரண்டு முறை படித்தார். நாலாக மடித்தார்.

மில் வாசலுக்கு எதிரே ஒரு டெலிபோன் பூத். என்னை வரச் சொல்லவில்லை. நானாகப் பின்னால் போனேன். கண்ணாடிக் கதவு சரியாக மூடாது. மூன்றாவது தடவைதான் லைன் கிடைத்தது. அந்தப் பக்கம் யாரோ போய்க் கலியமூர்த்தியைக் கூப்பிட்டுக்கொண்டு வரும்வரை காத்திருந்தார். மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. காகிதத்தைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

பிறகு சொன்னார்: "எழுதிக் குடுத்துட்டாரு. வாங்க."